மண்ணுண்ணலும் மாதர் சோகையும்

உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நால்வகைப்படுத்தினர் நம் முன்னோர். சுவையை ஆறாக வகுத்தனர். இவ்வகுப்பினுள் யாண்டும் மண்ணுக்கு இடமில்லை. மண் உழுதற்கு உரியது, வனைதற்கு உரியது, முடிவில் நாம் சென்று சேர்தற்கும் உரியது. உண்ணுதற்கு உரியதன்று. இஃது எவரும் அறிந்ததே. ஆயினும், மண்ணை விரும்பித் தின்னும் மாதர் நம் நாட்டில் இன்றும் உளர். அவர் எல்லாரும் பசியால் வாடுபவரல்லர். அறிவிற் குறைந்தவரும் அல்லர். கற்றார் மனையிலும், செல்வர் மனையிலும், நம் கல்லூரி விடுதியிலுங்கூட அத்தகையார் இருந்ததுண்டு. பிறர் காணாதவாறு அவர் அதனைச் செய்தலால் நாம் அறியாதிருக்கின்றோம்.

இக்கல்லூரி மாதர் விடுதியைப் பல ஆண்டுகள் மேற்பார்த்து வந்தவள் நான். தமிழ் கற்பித்தல் என் தொழில். வைத்தியம் என் துறையன்று. எனினும் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. என் குடும்பத்தில் ஒருவர் மண்தின்னி என்று பழிக்கப்பட்டே வாழ்ந்து மறைந்தார் என்பது ஒன்று. அப்பழியைத் தாங்கி நின்ற மாணவி ஒருத்தி எளிய மருந்தொன்றால் நலம் பெற்றதை நான் கண்கூடாகக் கண்டேன் என்பது மற்றொன்று. ஆண்டு மலரில் இத்தகைய பொருள் இடம்பெறுதல் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருக்கலாம். நாணத்தால் மூடி வைக்கப்படும் நோயே பெரிதும் வளர்கின்றது; ஆதலின், வெளிப்படக் கூறுதலே தகும் என்பது என் துணிபு.

முதற்கண், நம் இலக்கியங்கள் இவ்வேட்கையை அறியாதன அல்ல. கருவுற்ற மகளிரின் வேட்கைப் பெருக்கத்தை 'வயா' என்றனர் பழந்தமிழர். அதனையே நாம் மசக்கை என்கின்றோம். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 20ஆம் பாட்டில், அவனது நாட்டு மண்ணை வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் கைக்கொண்டு உண்பதில்லை என்னும் கருத்து அமைந்துள்ளது. அரசன் வெற்றியைப் புகழுமிடத்தே இவ்வழக்கத்தை எடுத்தாளும் புலவர், அதனை இழிவென்று கருதினாரல்லர். வடமொழியிலோ, காளிதாசர் தம் இரகுவமிசத்தின் மூன்றாம் சருக்கத்தில், திலீபன் தேவியாகிய சுதக்ஷிணை கருவுற்ற காலத்து மண்ணுண்டமையைக் கூறுகின்றார். அதற்குச் சற்று முன்னரே, அவள் உடல் தளர்ந்ததையும், அணிகள் சிலவே பூண்டிருந்ததையும், முகம் வெளுத்திருந்ததையும் கூறிவிடுகின்றார். தளர்ச்சி, வெளுப்பு, மண் வேட்கை என்னும் இம்மூன்றும் அடுத்தடுத்து வந்துள்ளமை நோக்கத்தக்கது. வெளுப்பைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'பாண்டு' என்பதாகும். நம் வைத்தியர் சோகை நோய்க்கு இட்டு வழங்கும் பெயரும் அதுவே.

வைத்திய நூலாரும் இத்தொடர்பை உணர்ந்தேயிருந்தனர். சரக சங்கிதை பாண்டு நோயை ஐவகைப்படுத்தி, அவற்றுள் ஒன்று மண்ணுண்ணலால் வருவது என்கின்றது. மேனாட்டிலும், கருவுற்றவள் மண்ணையும் கரியையும் விரும்புதல் இப்பொகிரேட்டஸ் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் குறிக்கப்பட்டுள்ளது. உணவல்லாதவற்றை விரும்பித் தின்னும் இயல்பிற்கு ஆங்கில வைத்தியர் 'பைகா' என்று பெயரிட்டனர். அஃது இலத்தீன் மொழியில் மாக்பை என்னும் பறவையின் பெயர். கண்டதையெல்லாம் அலகாற் கவ்வும் பறவை அது என்ப. நம் இந்திய நாட்டு வழக்கத்தை ஹூப்பர், மான் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1906இல் வங்காள ஆசியக் கழகத்தின் வாயிலாக வெளியிட்டனர். சிகாகோ நகரத்துப் பொருட்காட்சிச் சாலையைச் சார்ந்த லாபர் என்பார், உலகெங்கும் இவ்வழக்கம் பரந்துள்ளமையை 1930இல் ஒரு நூலாகத் தொகுத்தார். ஆகவே, இது நம் நாட்டார்க்கு மட்டும் உரியதொரு குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது.

நிற்க. நம் ஊர்ப்புறங்களில் மாதர் தின்பன எவை? புதுமழை பட்ட செம்மண், கரையான் புற்று மண், குளத்துக் கரம்பை, அடுப்புக்கட்டியிற் பெயர்த்த சுட்ட மண், ஓட்டாஞ்சில்லு, சுவர்ச் சுண்ணாம்பு, சாம்பல், அடுப்புக்கரி, பலப்பம் என்பன அவற்றுட் சில. ஊறாத பச்சரிசியை நாள் முழுதும் மென்றுகொண்டிருத்தலும் இவ்வினத்ததே. என் தந்தையாரின் தங்கை, எனக்கு அத்தை முறையினர், அடுப்புக்கட்டி மண்ணைத் தின்று வந்தார். அவர் மூன்றாம் பேற்றின்போது குருதி பெருகி இறந்தனர். அப்பொழுது நான் சிறு பிள்ளை. அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. மண்தின்னி என்ற பெயர் மட்டும் நினைவில் உண்டு. வீட்டிற் பேச்சு எழுந்தபோதெல்லாம் அப்பெயராலேயே அவரைக் குறித்தனர். பின்னர் ஒருகால் என் ஆச்சியிடம் அவரைப் பற்றி வினவினேன். "அடித்தும் பார்த்தோம் அம்மா, கையைக் கட்டியும் பார்த்தோம், மண்ணில் வேப்பெண்ணெய் கலந்தும் பார்த்தோம். அவள் விடவில்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது என்று அழுவாள்," என்றார் ஆச்சி. பெற்ற மகளை நினைந்து அவரும் அழுதார். அவர்பால் அன்பில்லை என்று எவரும் கூறவியலாது. அறியவேண்டியதை அறிவிப்பார் அக்காலத்தில் அவ்வூரில் இல்லை, அவ்வளவே.

இனி, சோகை என்பது யாதெனச் சிறிது நோக்குவோம். நம் குருதியின் செந்நிறத்திற்குக் காரணம் ஈமோகுளோபின் என்னும் பொருள். மூச்சால் உள்வாங்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அதன் நடுவே அமைந்து அவ்வாயுவைப் பற்றி நிற்பது இரும்பு. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பு முழுதையும் திரட்டினாலும் 3 அல்லது 4 கிராமே தேறும். சிறியதோர் ஆணியின் எடைதான். அதிற் பெரும்பகுதி குருதியிலேயே உள்ளது. நாள்தோறும் நாம் உணவிலிருந்து ஈர்த்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம் அளவே. மாதவிலக்கினால் பெண்கள் மாதந்தோறும் ஏறக்குறைய 15 முதல் 30 மில்லிகிராம் இரும்பை இழக்கின்றனர். ஒரு மகவைச் சுமந்து பெறுதற்கோ ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் வேண்டப்படுகின்றது. வருவாய் சிறிதாகச் செலவு பெரிதாயின் இல்லம் கடன்படுதல் போல, உடலும் தன் சேமிப்பை முதலிற் செலவிட்டு, அது தீர்ந்தபின் குருதியைக் குறைத்துக்கொள்கின்றது. படியேறின் மூச்சுவாங்கல், நெஞ்சு படபடத்தல், தலை சுற்றல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், எதனினும் ஊக்கமின்மை ஆகியன அதன் குறிகள். இத்தகையார் பேற்றின்போது குருதி இழப்பின், பிறர் தாங்கும் இழப்பைத் தாங்கமாட்டார். என் அத்தையாருக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம்.

இந்நோய் அரிதென்று எண்ணற்க. கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராம் ஈமோகுளோபினுக்குக் குறைவது சோகை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 53 பேருக்கு மேல். அவ்வயது ஆடவருள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 25 பேரே அந்நிலையினர். சோகை அனைத்தும் இரும்புக் குறைவால் வருவதன்று எனினும், அதன் காரணங்களுள் தலையாயது அதுவே. மண்ணுண்பவர் அவருள் ஒரு பகுதியினரே. எனினும், மண்ணுண்ணல் வெளியே தெரியும் ஓர் அடையாளம் ஆதலின், அதனை அறியக் கற்றல் நமக்குப் பெரிதும் பயன் தரும்.

மண்ணிலும், சிறப்பாகச் செம்மண்ணில், இரும்பு உண்டே. ஆதலின் உடல் தனக்கு வேண்டிய இரும்பை மண்ணிலிருந்து தானே தேடிக்கொள்கின்றது என்று கூறலாமன்றோ எனின், அது கேட்பதற்கு இனிதாயினும் உண்மையன்று. செம்மண்ணைச் சிவப்பாக்குவது இரும்பின் துரு. அது நீரில் எளிதிற் கரையாதது. குடலால் மிகச் சிறிதே ஈர்க்கப்படுவது. அதனினும் கொடிது மற்றொன்று உண்டு. களிமண் வகைகள் சில, உணவிலுள்ள இரும்பைத் தாம் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாது தடுக்கின்றன. துருக்கி நாட்டுக் களிமண்ணை வைத்து மின்னிக் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் 1968இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. ஈரானின் ஷிராஸ் பகுதியில் களிமண் உண்டு வளர்ச்சி குன்றிய இளைஞரைக் கண்டு, நம் நாட்டிற் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் வைத்திய அறிஞர் 1961இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியாகவே, மனிதனுக்குத் துத்தநாகமும் இன்றியமையாதது என்பது புலனாயிற்று. இவையன்றி, மண்ணோடு குடற்புழுக்களின் முட்டைகளும், சிலவிடத்து ஈயமும் வயிற்றினுட் புகுகின்றன. ஈயமோ குருதி ஊறுதலையே கெடுக்கும். ஆதலின், மண்ணை நாடுபவள் தேடுவது அங்கே கிடைப்பதில்லை. கையில் உள்ளதும் போகின்றது.

அற்றேல், மண்ணுண்ணலால் சோகை வருகின்றதா? சோகையால் மண்ணுண்ணல் வருகின்றதா? முன்னையோர் முதற்கூற்றையே கொண்டனர். இக்கால ஆராய்ச்சி இரண்டாவதற்கும் வலிய சான்று காட்டுகின்றது. இரும்புக் குறைவுடையார் சிலர் மண்ணை நாடாது பனிக்கட்டியை நாள் முழுதும் கடித்துத் தின்கின்றனர். பனிக்கட்டி நீரே, அஃது இரும்பைத் தடுப்பதுமில்லை, சோகையைத் தருவதுமில்லை. எனினும், இரும்பு மருந்து உட்கொண்ட சின்னாட்களில், குருதி நிறைவதற்கு முன்னரே, அவ்வேட்கை தணிந்துவிடுவதை 1960களின் இறுதியில் அமெரிக்க வைத்தியர் எழுதியுள்ளனர். ஆகவே, அங்குக் குறைவே முன்னது, வேட்கை பின்னது. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து 2015இல் வெளிவந்த கட்டுரையொன்று, இத்தகைய வேட்கையுடையார்க்குச் சோகை இருத்தற்குரிய வாய்ப்பு ஏனையோரைவிட 2.35 மடங்கு என்று கணக்கிட்டுள்ளது. மண்ணுண்பவர் எல்லாரும் சோகையர் அல்லர். சோகையர் எல்லாரும் மண்ணுண்பவர் அல்லர். எனினும், குறைவு வேட்கையை எழுப்ப, வேட்கை மண்ணை உண்பிக்க, மண் குறைவை மிகுவிக்க, செக்கு மாடு போல் அவ்வட்டத்திலேயே சுழலும் பெண்கள் பலர். அவ்வட்டத்தை எவ்விடத்தில் அறுப்பது என்பதே வினா. வாயைக் கட்டினால் அறாது. குருதிக்கு வேண்டிய இரும்பைக் கொடுத்தாலே அறும்.

வாயைக் கட்டிய வரலாறும் உலகில் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த ஆப்பிரிக்க மக்களுள் பலர் மண்ணுண்டனர். தம் உடைமை அழிகின்றதென்று கருதிய தோட்டத்துரைமார், அதனைத் தடுக்க அவர்தம் முகத்தில் உலோக மூடியைப் பூட்டினர். அம்மக்களுட் பலர் அரைவயிற்று உணவினர். கொக்கிப் புழுவால் குருதி இழந்தவர். உடலுக்குள்ளே செலுத்தவேண்டிய இரும்பை முகத்தின் மேலே பூட்டிய அக்கொடுமையை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. நாம் அத்துணைக் கொடியரல்லேம் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயினும், வசையும், ஏளனமும், கை கட்டலும் அம்மூடியின் இனத்தனவே என்பதை மறத்தலாகாது.

இனி, நான் கண்ட மாணவியின் செய்தியைக் கூறுவேன். அவள் இசைவு பெற்றே எழுதுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் கணிதப் பிரிவில் முதலாண்டு பயின்ற அவள், வகுப்பில் உறங்குகின்றாள், விளையாட்டிற் சேர்வதில்லை, சோம்பேறி என்று குறை கூறப்பெற்றாள். அவள் மேசையறையில் பலப்பப் பெட்டிகள் பல இருக்கக் கண்ட தோழியர் நகைத்தனர். இச்செய்தி என் செவிக்கு எட்டியது. அவளைத் தனியே அழைத்து, கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தேன். காகிதம் போல் வெளுத்திருந்தது. "எவ்வளவு நாளாய்த் தின்கின்றாய், அம்மா?" என்று மெல்ல வினவினேன். அவள் தலை கவிழ்ந்து, "பத்தாம் வகுப்பிலிருந்து. விட்டுவிட வேண்டுமென்று எத்தனையோ முறை உறுதி செய்தேன், அம்மா. முடியவில்லை," என்றாள். வைத்தியசாலையில் குருதியைச் சோதித்தபோது ஈமோகுளோபின் 7.8 கிராம், இரும்புச் சேமிப்போ இல்லையென்னும் நிலை. மாத்திரையும், புழு நீக்கும் மருந்தும் அளித்த வைத்திய அம்மையார், பலப்பத்தைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் கூறினாரல்லர். இரண்டு வாரம் கழிந்தபின் அவளே என் அறைக்கு வந்து, "அம்மா, பெட்டி அங்கேயே இருக்கிறது, கை அதனிடம் போகவில்லை," என்றாள். அவள் முகத்திற் கண்ட வியப்பு என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மூன்று ஆண்டுகளாய்த் தன் மனவலிமையின் குறையென்று அவள் நாணியது, குருதியின் குறையாக இருந்தது.

மருந்து புதியதும் அன்று, அரியதும் அன்று. நம் சித்த வைத்தியர் அயச்செந்தூரத்தையும் அன்னபேதிச் செந்தூரத்தையும் பாண்டு நோய்க்கு நெடுங்காலமாய்க் கொடுத்து வந்தனர். பிரெஞ்சு வைத்தியர் பிளாட் என்பார் 1832இல் இரும்பு மாத்திரையை வெளியிட்டுப் பெயர் பெற்றார். இக்காலத்து இரும்பு மாத்திரை பலவற்றிலும் உள்ளது, அன்னபேதி என நம்மவர் அறிந்த பெரஸ் சல்பேட்டே. கருவுற்ற மாதர்க்கு 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அரசினர் விலையின்றி வழங்குகின்றனர். பள்ளிச் சிறுமியர்க்கு வாரந்தோறும் ஒன்று வழங்கும் திட்டமும் உண்டு. குறை யாதெனின், வாங்கியவர் பலர் உட்கொள்ளாமையே. வயிறு குமட்டும், மலம் கறுக்கும், மலச்சிக்கல் உண்டாகும். மலம் கறுத்தல் தீங்கன்று என முன்னரே எடுத்துக் கூறின், அஞ்சிக் கைவிடுவார் குறைவர். குமட்டல் மிகுந்தால் வைத்தியரிடம் கூறி வேளையையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். குருதி நிறைந்தபின்னும் சேமிப்பு நிறையும்பொருட்டுச் சில திங்கள் தொடர்ந்து உட்கொள்ளல் வேண்டும். கீரையும் பயறும் கேழ்வரகும் உண்ணுங்கால் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா முதலியவற்றைச் சேர்த்துக்கொள்ளின் அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேரும். உணவோடு தேநீரும் காப்பியும் பருகின் அது தடைப்படும். கொக்கிப் புழு காற்றோல் வழியே புகுவதாதலின் வெறுங்காலொடு நடத்தலைத் தவிர்த்தல் நலம். சோகைக்கு வேறு காரணங்களும் உண்டாகலின், சோதனையின்றித் தாமாகவே மருந்துண்ணல் கூடாது.

இவற்றோடு இல்லறத்து வழக்கமொன்றையும் கூறாதிருத்தல் இயலாது. நம் இல்லங்கள் பலவற்றில் ஆடவரும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் தாய். குழம்பில் மீனும் இறைச்சியும் உள்ள நாளிலும் அவள் கலத்திற்கு வருவது குழம்பே. எளிதில் உடலிற் சேரும் இரும்பு அம்மீனிலும் இறைச்சியிலுமே உள்ளது. எல்லாரினும் மிகுதியாக இரும்பு வேண்டப்படுபவளுக்கே எல்லாரினும் குறைவாகக் கிடைக்கின்றது. அவள் அதனைத் தியாகம் என்று கருதுகின்றாள். நாமும் அவ்வாறே புகழ்ந்து வாளாவிருக்கின்றோம். புகழ்ச்சியால் குருதி ஊறுவதில்லை. மாணவ நண்பர்காள், விடுமுறையில் இல்லம் சேரும்போது, உங்கள் அன்னையார் எப்பொழுது உண்கின்றார், அவர் கலத்தில் யாது உள்ளது என்பதை ஒரு வேளையேனும் உடனிருந்து காணுங்கள்.

இக்கல்லூரியில் இன்று பயில்வோர் நாளை ஆசிரியராகவும், தாதியராகவும், வைத்தியராகவும், குடும்பத் தலைவராகவும் ஆகப் போகின்றவர். பலப்பம் தின்னும் சிறுமி உங்கள் வகுப்பில் இருப்பாள். அடுப்புக்கட்டி மண்ணைப் பெயர்க்கும் மருமகள் உங்கள் இல்லத்திலோ அடுத்த இல்லத்திலோ இருப்பாள். அவளைக் காணுங்கால் ஏன் தின்கின்றாய் என்று சினவாதீர்கள். உனக்கு மூச்சு வாங்குகின்றதா என்று வினவுங்கள். குருதியைச் சோதிக்க உடன் செல்லுங்கள். ஒரு துளிக் குருதியும் சிறிது நேரமுமே அதற்கு வேண்டுவன. மண்தின்னி என்னும் சொல் நம் இல்லங்களினின்று மறைதல் வேண்டும். அச்சொல்லுக்குரியவர் நலத்தோடு வாழ்தல் வேண்டும்.